ஹேர்மிஸ் வரை இறங்க ஒருவர் தயாரா: தொழில்நுட்பச் சுழியோட்டப் பயிற்சிக்கு முன் எதைப் பார்த்து மதிப்பிடுவது?

வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

வணக்கம். நான் கிழக்குக் கரையில் சுழியோட்டம் கற்பிப்பவன். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தை நீண்ட காலமாகவும், இடைநிறுத்தங்களோடு மேலேற வேண்டிய தொழில்நுட்பச் சுழியோட்டத்தைச் சில ஆண்டுகளாகவும் கற்பித்து வருகிறேன். ஒரு மாணவரைப் பற்றி முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

அவர் 140 தடவைகளுக்கு மேல் கடலுக்குள் இறங்கியவர். நைட்ரொக்ஸ் (ஒட்சிசன் கூடிய காற்று) சான்றிதழும் ஆழ்கடல் சான்றிதழும் வைத்திருக்கிறார். அவருடைய குறிப்பேட்டில் பாதிக்கு மேல், பாசிக்குடாவுக்கு வெளியே ஏறக்குறைய 24 மீற்றரில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பலைப் பற்றியதுதான். அந்தக் கப்பல் மூழ்கிய அதே நாளில், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் 307 பேரோடு மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான எச்.எம்.எஸ். ஹேர்மிஸை அவர் பார்க்க வேண்டும். அது கிடக்கும் கடலடி ஏறக்குறைய 53 மீற்றர். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர் என்பதால் பயிற்சியின்றி அங்கே போக வழியில்லை. வாடைக்காற்று தொடங்குவதற்குள், இந்தப் பருவத்திலேயே முடித்துவிட வேண்டும் என்று கேட்கிறார்.

தாளில் பார்த்தால் தடை ஏதும் இல்லை. டிடிஐ நிறுவனத்தின் இடைநிறுத்தப் பயிற்சிக்குப் பதிவுசெய்த 25 சுழியோட்டங்கள் போதும். பாடி நிறுவனத்தின் டெக் 40 பயிற்சிக்கு 30 வேண்டும். இவரிடம் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. கோட்பாட்டை என்னைவிட அதிகமாகவே வாசித்திருக்கிறார். இருந்தும் சென்ற வாரம் அவரோடு இறங்கியபோது என் மனம் ஒப்பவில்லை. 6 மீற்றரில் நின்று மேற்பரப்புக்கு மிதவைக் குறியை அனுப்பச் சொன்னேன். நூலைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் 3 மீற்றர் வரை மேலே போய்விட்டார். அதை அவர் கவனிக்கவும் இல்லை. மேலே வந்ததும் நூற்சுருள் சிக்கியதைக் காரணமாகச் சொன்னார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரைச் சேர்த்துக்கொண்டால் கட்டணம் எனக்கு வருகிறது; மறுத்தால் வராது. அதனால் என் தீர்ப்பை நான் மட்டுமே நம்பி நடப்பது சரியல்ல என்று நினைக்கிறேன். இத்தகைய ஒருவரை நீங்கள் எதைப் பார்த்து மதிப்பிடுவீர்கள்?

கோரமண்டல் (சென்னை) எழுதியது:

உங்கள் மனம் தடுத்த இடம் சரியான இடம்தான். வேறு வேலை இல்லாதபோது அவர் நீரில் அழகாகவே நிற்பார் என்று நினைக்கிறேன். 140 முறை இறங்கியவருக்கு அது வந்திருக்கும். கைக்கு ஒரு வேலை வந்தவுடன் அது கெடுகிறது என்றால், சும்மா நிற்பதற்கே அவருடைய கவனத்தில் பெரும்பகுதி செலவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவசரம் வரும்போது எடுத்துக் கொடுக்க மீதம் ஏதும் இல்லை. நான் தேடுவது அந்த மீதத்தைத்தான்.

6 மீட்டரில் 3 மீட்டர் விலகுவது உங்கள் பாசிக்குடாக் கப்பலில் பெரிய விஷயம் அன்று. பாதுகாப்புக்காக நிற்கும் நிறுத்தம் சற்றுக் கெடும், அவ்வளவே. ஹெர்மிஸிலிருந்து மேலேறும்போது அதே 3 மீட்டரின் விலை வேறு. தூய ஆக்சிஜனை 6 மீட்டரில் சுவாசித்தால் அதன் அழுத்தம் 1.6 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), அதுவே ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்ச எல்லை. தெரியாமல் 9 மீட்டருக்கு நழுவினால் 1.9 ஆகிறது. ஐம்பது விழுக்காடு ஆக்சிஜன் உள்ள கலவையை 21 மீட்டரில் தொடங்க வேண்டியவர், கவனம் சிதறி 40 மீட்டரிலேயே அதன் ரெகுலேட்டரை (வாயில் வைத்துச் சுவாசிக்கும் கருவியை) வாயில் வைத்தால் 2.5 பார். ஆக்சிஜனின் அழுத்தம் இப்படி எல்லை மீறினால் வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவும். பிறகு நடப்பது மூழ்கிச் சாவதுதான். மேல்நோக்கி நழுவினால் இடைநிறுத்தமே பொருளற்றுப்போகிறது. இறங்கும்போது உறிஞ்சிக்கொண்ட வாயு, அழுத்தம் போதாமல் குமிழிகளாக வெளிவரும்.

காற்றின் கணக்கையும் அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். 53 மீட்டரில் அழுத்தம் 6.3 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 126 லிட்டர் சுவாசிப்பார். இருவரில் ஒருவருடைய வாயு தீர்ந்து, மற்றவருடையதைப் பகிர்ந்துகொண்டு மேலேற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிலைமையைச் சரிசெய்ய அடியில் 2 நிமிடம், 21 மீட்டர் வரை ஏற 4 நிமிடம், அங்கே அடுத்த சிலிண்டருக்கு மாற 1 நிமிடம் என்றால் இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,380 லிட்டர் வேண்டும். 12 லிட்டர் இரட்டை சிலிண்டரில் அது 58 பார்; ஒற்றைச் சிலிண்டரில் 115 பார், அதாவது 200 பாரில் பாதிக்கு மேல். இந்தக் கணக்கில் இருவரும் பதறாமல் சுவாசிக்கிறார்கள். பதறினால் இரண்டு மடங்காகும். உங்கள் மாணவர் இதை ஒரு தாளில் யாருடைய உதவியும் இன்றிப் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் சொல்கிறாரா என்று பாருங்கள். விடை சரியா என்பதைவிட, எந்த எண்ணை நம்பிக்கையின்மையோடு அணுகுகிறார் என்பதில் நிறையத் தெரியும். “என் சுவாசம் 14 லிட்டர்தான்” என்று சொல்லி நிறுத்திக்கொள்பவரைப் பார்த்தால் எனக்குக் கவலை வரும்.

நீரில் பார்ப்பதற்கு ஆழம் தேவையே இல்லை. 8 மீட்டர் மணற்பரப்பு போதும். அடியையும் கயிற்றையும் தொடாமல், பத்து நிமிடம் ஒரே மட்டத்தில் நிற்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குள் முகமூடியைக் கழற்றி மாட்டுவது, மிதவைக் குறியை அனுப்புவது, பக்கத்தில் தொங்கும் சிலிண்டருக்கு மாறுவது, வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் திறப்பது ஆகியவற்றைச் செய்யச் சொல்லுங்கள். அவருடைய கைகளைப் பார்க்காதீர்கள். அவருடைய சுழியோட்டக் கணினியில் பதியும் ஆழ வரைபடத்தைப் பாருங்கள். பிறகு, முன்கூட்டிச் சொல்லாமல், அவருடைய துணைவரை மெல்லப் பின்தங்கச் செய்யுங்கள். எத்தனை நொடிகளில் அவர் திரும்பிப் பார்க்கிறார் என்பதையே நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

புதுவை அலை (புதுச்சேரி) எழுதியது:

கோரமண்டல் சொன்னதில் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. இவற்றையெல்லாம் முன்கூட்டியே செய்து காட்டுபவருக்குப் பயிற்சி எதற்கு? கற்றுக்கொள்ளத்தானே வருகிறார். நான் என் பயிற்சிக்குப் போனபோது வால்வைத் தொட்டதுகூட இல்லை. கற்பிப்பவர் பொறுமையாகக் கற்றுக் கொடுத்தார். ஆறே நாட்களில் கற்றுக்கொண்டேன். இவ்வளவு உயரத்தில் வாசற்படியை வைத்தால், ஆர்வமுள்ள இளைஞர்கள் பயிற்சியே இல்லாமல் யாரோ ஒரு நண்பரோடு இறங்கிவிடுவார்கள். அது இதைவிடப் பேராபத்து. இங்கே யாரும் அதைப் பேசுவதில்லை.

கோரமண்டல் எழுதியது:

நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மையானது. அதனால்தான் மறுப்பவர் கதவை அடைத்துவிட்டுப் போகக்கூடாது என்கிறேன். வால்வு வேலை, வாயு மாற்றுவது, இடைநிறுத்த அட்டவணை போடுவது ஆகியவை பயிற்சியில் கற்க வேண்டியவை. முதல் முறை தடுமாறினால் குற்றமில்லை. வால்வைக் கையாளத் தெரியாமல் விழிப்பவர் என் கணக்கில் தோற்றவர் அல்லர். அப்படி விழிக்கும்போதும் அவர் அதே ஆழத்தில், அதே கிடைநிலையில் நிற்கிறாரா என்பதே கேள்வி. அதை ஆறு நாட்களில் புதிதாகக் கற்பிக்க இயலாது. கற்பிக்க முயன்றால் மற்றவற்றுக்கான நேரத்தை அது தின்றுவிடும். கடைசி நாளில் கற்பிப்பவரும் மாணவரும் சேர்ந்து ஒரு சமாதானத்துக்கு வந்து சான்றிதழில் கையெழுத்திடுவார்கள். அப்படிக் கையெழுத்திட்ட ஒரு பயிற்சியை நானே அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இடைப்பட்ட படி ஒன்றும் இருக்கிறது. டிடிஐயின் அறிமுகப் பயிற்சியோ ஜியூஇ அமைப்பின் அடிப்படைப் பயிற்சியோ இதற்கென்றே உருவானவை. அந்த அடிப்படைப் பயிற்சியில் தேர்வு, தோல்வி என்ற இரண்டோடு, குறிப்பிட்ட காலத்துக்குள் திருத்திக்கொண்டு மீண்டும் மதிப்பீட்டுக்கு வரலாம் என்ற இடைநிலை முடிவும் உண்டு. ‘இல்லை’ என்பதற்கும் ‘இன்னும் இல்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது மாணவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

சிங்கை மருத்துவர் (சிங்கப்பூர்) எழுதியது:

உடல் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பதால் சொல்கிறேன். முன்பு எப்போதாவது, கணினியின் எல்லைக்குள் இருந்தும், கரையேறிய பிறகு தோலில் பளிங்குக் கோலம்போல நிறமாற்றம், தலைச்சுற்றல், கை கால் மரத்தல் போன்றவை வந்ததுண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். பலர் கேட்டால்தான் சொல்வார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறவியில் இருந்த துவாரம் முழுதாக மூடியிருக்காது. பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் நேராது. மேற்சொன்ன அறிகுறிகள் இருந்தவர்கள் மட்டும், இடைநிறுத்தம் தேவைப்படும் ஆழத்துக்குப் போகுமுன், சுழியோட்ட மருத்துவம் அறிந்த ஒருவரைப் பார்த்தாக வேண்டும். மேலேறிய உடன் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட கருவிகளைச் சுமந்து மூச்சடக்கிப் படகில் ஏறுவது குமிழிகள் அந்தத் துவாரத்தைக் கடக்க உதவும்; கருவிகளை நீரிலேயே கழற்றிக் கொடுக்கப் பழக்குங்கள்.

இரண்டாவது, அவர் அங்கே எதைச் சுவாசிக்கப்போகிறார்? 53 மீட்டரில் சாதாரணக் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் 1.32 பார் என்பதால் பாதுகாப்பு என்று சிலர் முடித்துக்கொள்கிறார்கள். அந்த ஆழத்தில் காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டுகிறது. சுழியோட்ட ஆய்வாளர்களான காவின் அந்தோணியும் சைமன் மிட்செலும் முன்வைத்த பரிந்துரை 5.2 கிராம், தாண்டக்கூடாத எல்லை 6.2. அடர்ந்த வாயுவைச் சுவாசித்துக்கொண்டு உடலை வருத்தினால் கரியமில வாயு உடலில் தேங்கும். அது மூச்சுத் திணறலையும் பீதியையும் தரும், ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கத்தையும் கூட்டும். 21 விழுக்காடு ஆக்சிஜனும் 35 விழுக்காடு ஹீலியமும் கொண்ட கலவையில் அடர்த்தி 5.8 கிராமுக்குள் அடங்கும். மயக்கமும் 31 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பதற்கு ஒப்பாகும். மயக்கம் தனக்குப் பழகிவிட்டது என்று ஒருவர் சொன்னால் அதைத் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழகிவிட்டது என்ற உணர்வு வருகிறது. செயல்திறன் அந்த அளவுக்கு மீள்வதில்லை.

சங்குத்துறை (மன்னார்) எழுதியது:

நான் சான்றிதழ் பெற்றவன் அல்லன். சங்கும் கடலட்டையும் எடுப்பதற்காகப் பதினாறு ஆண்டுகள் சிலிண்டர் கட்டி இறங்கியவன். இங்கே பேசப்படும் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து சிலிண்டர்கள் என்று இறங்குவோம். கணினி கிடையாது, அட்டவணை கிடையாது. எண்ணிப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொரு நாளும் ஒன்றும் நடக்காமல் வீடு திரும்பியதையே நாங்கள் அனுபவம் என்று எண்ணிக்கொண்டோம். கை உளைந்தால் மீண்டும் கடலுக்குள் இறங்கினால் சரியாகிவிடும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். சில வேளை உளைவு குறைந்ததும் உண்டு, அதனால் அந்தப் பேச்சை நம்பினோம். ஒரு நாள் மாலை படகிலிருந்து இறங்கும்போது இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பல மாத வைத்தியத்துக்குப் பிறகு நடக்கிறேன். இடது கால் இன்னும் முழுதாக என் வசம் இல்லை. என்னோடு இறங்கிய ஒருவர் இன்று சக்கர நாற்காலியில் இருக்கிறார். எங்கள் இருவருடைய எண்ணிக்கையும் அந்தத் தம்பியின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு பெரியது. அவர் எத்தனை தடவை இறங்கினார் என்று கேட்பதோடு, எத்தனை தடவை இறங்காமல் படகிலேயே இருந்தார் என்றும் கேளுங்கள், ஐயா.

கல்குடா இளையவன் எழுதியது:

வணக்கம். இங்கே பேசப்படும் மாணவன் நான்தான். சார் இந்த இழையை எனக்குக் காட்டினார். முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன்.

சங்குத்துறை ஐயா கேட்ட கேள்விக்கு விடை தேடி என் குறிப்பேட்டைப் புரட்டினேன். நானாக முடித்துக்கொண்ட சுழியோட்டம் ஒன்றுகூட அதில் இல்லை. ஒரு தடவை காது அடைத்திருந்தது. ஒரு தடவை முதல் நாள் இரவு சரியாகத் தூக்கம் இல்லை. இரண்டு தடவையும் இறங்கினேன். படகுக்குப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் காத்திருக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இந்தப் பருவத்து ஹேர்மிஸ் பயணத்துக்கும் நண்பர்கள் மூவரோடு முன்பணம் கொடுத்திருக்கிறேன். அதைச் சாரிடம் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நூற்சுருள் சிக்கியது உண்மைதான். சிக்கியிருந்தாலும் நான் 6 மீற்றரில் நின்றிருக்க வேண்டும் என்பது இப்போது விளங்குகிறது. கோரமண்டல் அண்ணன் சொன்ன பத்து நிமிடச் சோதனையைச் செய்து பார்க்க விரும்புகிறேன்.

புதுவை அலை எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் வாதத்தில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். முன்பணம் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போவது எவ்வளவு அழுத்தம் தரும் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் போனேன். அந்த அழுத்தம் என் கற்பிப்பவருக்கும் இருந்திருக்கும் என்று இன்றுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

வாவிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இருவரும் இறங்கினோம். என் உதவியாளர் துணைவராக வந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முகமூடியைக் கழற்றி மாட்டும்போது அரை மீற்றருக்குள் நின்றார். மிதவைக் குறியை அனுப்பும்போது 1.8 மீற்றர் மேலே போனார். ஆனால் இந்தத் தடவை தானே கவனித்து, நூலை விட்டுவிட்டு முதலில் ஆழத்தைச் சரிசெய்தார். சென்ற வாரத்தோடு ஒப்பிட்டால் எனக்கு இது பெரிய மாற்றம். பக்கச் சிலிண்டருக்கு மாறியபோது, ரெகுலேட்டரின் குழாயைச் சிலிண்டர் வரை கையால் தடவிப் பார்த்து, அதில் ஒட்டியிருந்த ஆழ எல்லையை வாசித்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் வாயில் வைத்தார். வாசித்ததை நன்றாக உள்வாங்கியிருக்கிறார். வால்வுகளில் தடுமாறினார், கால்கள் தாழ்ந்து கிட்டத்தட்ட நின்ற நிலைக்கு வந்துவிட்டார். அந்த நேரத்தில் உதவியாளரைப் பின்தங்கச் சொல்லிச் சைகை காட்டினேன். 70 விநாடிகள் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தார். 53 மீற்றரில் 70 விநாடி என்பது வாயு தீர்ந்த துணைவருக்கு மிக நீண்ட நேரம். கரையில் அந்த எண்ணைச் சொன்னபோது அவர் வாதிடவில்லை. “எனக்கு இருபது விநாடிபோலத்தான் தெரிந்தது” என்றார். கணக்குத் தாளைச் சரியாகப் போட்டார். தன் சுவாசத்தை 14 என்று தொடங்கி, பிறகு தானே 20 என்று திருத்தினார்.

என் முடிவு: இந்தப் பருவத்தில் இடைநிறுத்தப் பயிற்சி இல்லை. இரட்டை சிலிண்டரோடு 20 மீற்றருக்குள், இடைநிறுத்தம் தேவைப்படாத சுழியோட்டங்கள் 25. அவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்சியை மட்டும் செய்து, ஆழ வரைபடத்தை எனக்கு அனுப்ப வேண்டும். சிங்கை மருத்துவர் சொன்ன கேள்விகளையும் கேட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தடவை வயிற்றில் சிவந்த கோலம் வந்ததாகவும், சூரிய வெப்பம் என்று எண்ணி விட்டுவிட்டதாகவும் சொன்னார். ஆகவே மருத்துவச் சோதனை முடியும்வரை அந்த 25 சுழியோட்டங்களும் தொடங்கா. படகுக்காரரிடம் நானே பேசினேன். முன்பணத்தை அடுத்த ஆண்டு சித்திரைக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்.

கல்குடா இளையவன் எழுதியது:

நண்பர்கள் மூவரும் பயணத்தைக் கைவிடவில்லை. அவர்கள் ஏற்கெனவே அந்த ஆழத்துக்குரிய பயிற்சியை முடித்தவர்கள். நான் அன்று படகில்தான் இருப்பேன். யார் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எப்போது மேலே வர வேண்டும் என்று குறிப்பெடுப்பதும், ஒட்சிசன் பெட்டியைத் தயாராக வைத்திருப்பதும் என் வேலை என்று சார் சொல்லியிருக்கிறார். சிங்கை மருத்துவர் அவர்களே, வைத்தியரிடம் போகும்போது அந்தக் கோலத்தின் பழைய படம் ஒன்று கைபேசியில் இருக்கிறது; அதைக் காட்டினால் உதவுமா?

சிங்கை மருத்துவர் எழுதியது:

மிகவும் உதவும், தம்பி. அந்த நாளைய சுழியோட்டத்தின் ஆழ வரைபடம் கணினியில் இன்னும் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். கோலம் கரையேறி எத்தனை நிமிடம் கழித்துத் தெரிந்தது என்பதை, நினைவில் உள்ளவரை, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.